மறு: பொலின்யாவுக்குத் தமிழ்ச்சொல் – 'உறையாவெளி' பொருந்துமா?

வணக்கம்.

கடற்பனிக்கு நடுவே திறந்து கிடக்கும் நீர்ப்பரப்பைத்தான் பொலின்யா (polynya) என்கிறார்கள். அதற்குத் தமிழில் முன்மொழியப்பட்ட 'உறையாவெளி' பலருக்கும் பிடித்துவிட்டது தெரிகிறது. சொல்லிப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் என் மறுப்பையும் கேட்டுவிடுங்கள். அங்கே நடப்பதற்கு நேர் எதிரான பொருளை அந்தச் சொல் தருகிறது.

வடதுருவம் என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது. அமுண்ட்சென் வளைகுடாவை எடுத்துக்கொள்வோம். கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. தெற்கே பெருநிலப்பரப்பு, வடக்கே பேங்க்ஸ் தீவு, கிழக்கே விக்டோரியா தீவு. மேற்கே வாய் திறந்து போஃபோர்ட் கடலோடு சேர்கிறது. நீளம் 400 கி.மீ. அளவில் இருக்கும், வாயின் அகலம் ஏறத்தாழ 150 கி.மீ. அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் கனடாவின் வடக்கே இணைக்கும் வடமேற்குக் கடல்வழியை முதன்முதலில் கப்பலில் கடந்த ரோல்ட் அமுண்ட்சென் 1905-இல் தம் 'யோவா' கப்பலில் கிழக்கிலிருந்து இந்த வழியாகத்தான் வெளியே வந்தார். இன்றைக்குக் கரையோரத்தில் சாக்ஸ் ஹார்பர், உலுக்ஹாக்டோக், பாலாட்டுக் என்று இனுவியாலுயிட் என்னும் ஆர்க்டிக் பழங்குடி மக்கள் வாழும் மூன்று சிற்றூர்கள். (இந்த வளைகுடாவுக்குள்ளேயே ஃபிராங்க்ளின் விரிகுடா, டார்ன்லி விரிகுடா என்று இரண்டு அடங்கிக் கிடக்கின்றன. நம் வளைகுடா–விரிகுடா பாகுபாட்டை இங்கே பொருத்திப் பார்த்தால் தலை சுற்றும். அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.)

அக்டோபர் வாக்கில் கடல் உறையத் தொடங்கும். கரையைப் பற்றிக்கொண்ட பனி அசையாது. அதற்கு அப்பால் போஃபோர்ட் கடலின் மிதக்கும் பனி நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவே, பேத்தர்ஸ்ட் முனையை ஒட்டி வளைகுடாவின் வாயில், நீர் திறந்துகொள்கிறது. கிழக்குக் காற்று பனியை மேற்கே தள்ளிக்கொண்டு போவதுதான் முக்கியக் காரணம்.

> உறையாமல் மிஞ்சிய நீர் என்பதுதானே பொருள்? அது இந்தச் சொல்லில் அப்படியே வருகிறதே.

உறையாமல் மிஞ்சவில்லை என்பதுதான் சிக்கல். கனத்த பனி மூடிய இடத்தில் கடலின் வெப்பம் எளிதில் வெளியேறாது, அதனால் புதுப் பனி மெதுவாகத்தான் வளரும். திறந்த நீர்ப்பரப்பு அப்படியில்லை. மேலே காற்று மைனஸ் 30 பாகையில் வீசும்போது மேற்பரப்பு சட்டென்று உறையும். உறைந்ததைக் காற்று வாரிக்கொண்டு போகும். மறுபடி உறையும், மறுபடி போகும். ஒரு குளிர்காலத்தில் சுற்றுவட்டாரத்தைவிட அதிகமாகப் பனி உண்டாகிற இடமே இதுதான். உறையும்போது விலக்கப்பட்ட உப்பு, நீரை அடர்த்தியாக்கிக் கீழே இறக்குகிறது. இதற்குப்போய் 'உறையா' என்று பெயர் வைத்தால், படிக்கிற மாணவர் முதல் பக்கத்திலேயே தவறான படத்தை மனத்தில் போட்டுக்கொள்வார்.

இன்னொரு வகையும் உண்டு. அடியிலிருந்து ஏறும் வெதுவெதுப்பான நீரே பனியைத் தடுத்துவிடும். அண்டார்க்டிக்கின் வெடெல் கடலில் 1974 முதல் 1976 வரை குளிர்காலந்தோறும் திறந்த பெரும்பரப்பு அந்த வகை. அங்கே 'உறையா' பொருந்தும், ஆனால் ஒரு வகைக்கு மட்டும். காரணத்தைச் சொல்லுக்குள் திணிக்காமல், பார்த்தால் தெரிவதை மட்டும் பெயராக்குவது நல்லது.

> பேத்தர்ஸ்ட் முனைக்குப் பக்கத்தில் புகைந்துகொண்டே இருக்கும் குன்றுகள் உண்டு என்று படித்தேன். அந்தச் சூட்டால் உருகுகிறதோ?

இல்லை. ஃபிராங்க்ளின் விரிகுடாக் கரையில், கந்தகமும் கரிமமும் மிகுந்த களிப்பாறை தானாகவே எரிகிறது. 1826-இலேயே ஆங்கிலேயப் பயணக்குழு பார்த்திருக்கிறது. கடற்பனியை உருக்க அந்தச் சூடு எந்த மூலைக்கு?

மற்ற முன்மொழிவுகளில், 'பனித்துளை' மிகச் சிறியது. சீல் மூச்சுவிட வைத்துக்கொள்ளும் துளைக்கு விட்டுவிடலாம். 'பனிப்பிளவு' நீண்டு ஒடுங்கிய திறப்புக்கு வேண்டும். 'பனிக்குளம்' கோடையில் பனியின் மேல் தேங்கும் உருகுநீரோடு குழம்பும்.

என் பரிந்துரை: பனிமடு.

———

ஐயா, உறையாவெளியை முன்மொழிந்தவன் நான்தான். காற்று வாரிப்போகும் கதையைக் கேட்டபின் அதை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் பனிமடு மட்டும் எப்படிப் பொருந்தும்? மடு என்றால் ஆழம். அப்புறம், பனிமடு என்றால் பனி நிறைந்த மடு என்றல்லவா யாரும் படிப்பார்கள்?

———

தம்பி, இரண்டாவதை முதலில் எடுக்கிறேன். பனிக்குடத்தில் பனியா இருக்கிறது? பழகினால் பொருள் ஒட்டிக்கொள்ளும்.

ஆழம் பற்றிய தடை நியாயமானது. ஆனால் கோடையில் ஆறு வற்றும்போது மடுவில் மட்டும் நீர் நிற்கும், ஊர் மாடும் கொக்கும் அங்கேதான் கூடும். என் மனத்தில் இருந்தது இந்தப் பொருள். அமுண்ட்சென் வளைகுடாவின் வாயிலும் அதுதான் நடக்கிறது. இளவேனிலில் பெலூகாவும் போஹெட் திமிங்கிலமும் பனிப்பிளவுகள் வழியாக வந்து சேர்கின்றன. சீல் இருப்பதால் பனிக்கரடி ஓரத்தில் அலைகிறது. பேரிங் கடல் பக்கமிருந்து வரும் ஐடர் கடல்வாத்துகள் திறந்த நீரில் மூழ்கித்தான் இரை தேட முடியும். 1964-இல் போஃபோர்ட் கடலில் திறப்புகள் இளவேனிலில் மறுபடி மூடிக்கொண்டதில், கிங் ஐடர் வகை மட்டும் ஒரு லட்சம் அளவில் பட்டினியால் செத்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். வெறும் 'வெளி' என்ற சொல்லில் இந்த உயிர்ப்பிடிப்பு வராது.

கூட்டுச்சொல்லும் சுளுவாக அமைகிறது: காற்றுப் பனிமடு, வெப்பப் பனிமடு. பேத்தர்ஸ்ட் முனையில் ஓரளவு நீர் மேலெழுச்சியும் உண்டு, ஆகவே அதைக் கலப்பு என்று குறிக்க விரும்புகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். நான் காற்று வகையிலேயே வைப்பேன்.

பதிவுக்கான வரைவு:

பனிமடு – கடற்பனி சூழ்ந்த அல்லது கரைக்கும் கடற்பனிக்கும் இடைப்பட்ட, நீண்டு ஒடுங்கிய பிளவாக இல்லாத, திறந்த நீர்ப்பரப்பு. மெல்லிய புதுப்பனி படர்ந்திருந்தாலும் இப்பெயரே.

கடைசி வரியை வெட்டிவிடாதீர்கள். குளிர்காலச் செயற்கைக்கோள் படத்தில் பனிமடு பெரும்பாலும் அப்படித்தான் தெரியும்.

கரைப்பனிக்கும் மிதக்கும் பனிக்கும் நடுவே நீளும் திறப்புக்கு இன்னும் சொல் இல்லை. 2007–08 குளிர்காலத்தில் அமுண்ட்சென் பெயர் தாங்கிய கனடிய ஆய்வுக் கப்பல் இந்த வளைகுடாப் பகுதியில் தங்கி ஆராய்ந்தது அதைத்தான். 'கரைப்பனிப் பிளவு' என்றால் கரைப்பனியே பிளந்ததாகப் பொருள் வருகிறது. 'ஓரப்பிளவு' போதுமா, பார்த்துச் சொல்லுங்கள்.