கீழ்ப் பெடலைப் பின்னால் இழுத்தால் சைக்கிளும் பின்னால் வருகிறது: ஃப்ரீவீல் கோளாறா?

அவசரக்காரன்: வணக்கம். பெடலைப் பின்னோக்கி இழுத்தால் சைக்கிள் முன்னால்தானே போக வேண்டும்? என்னுடையது பின்னால் வருகிறது. மகள் நாளை பள்ளியில் செய்துகாட்ட வேண்டும். பெடலை நிறுத்தினாலும் பின்சக்கரத்தைச் சுற்றவிடும் ஃப்ரீவீல் போய்விட்டதா? மாற்ற எவ்வளவு ஆகும்?

நட்டு_போல்ட்டு: எந்தப் பெடல், மேலே இருப்பதா கீழே இருப்பதா? கையாலா, கயிறு கட்டியா? சைக்கிள் மேல் ஆள் இருக்கிறாரா? கியர் உண்டா? ஒன்றும் சொல்லாமல் விலையை மட்டும் கேட்கிறீர்களே!

செயின்_கவர்: ஃப்ரீவீலுக்குள் பழைய கிரீஸ் இறுகிப்போனால் இப்படித்தான் ஆகும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். சைக்கிளுக்கு வரும் பாதி நோய்க்கு இதுதான் மருந்து.

தென்காற்று: மொசைக் தரையா? டயர் சறுக்கும். வாசலில் செய்து பாருங்கள்.

ஓய்வு_ஆசிரியர்: பதினோராம் வகுப்பு இயற்பியலில் தூய உருளுதல், அதாவது சறுக்காமல் உருளுவது, என்று ஒரு பகுதி உண்டு. அதைப் புரட்டிப் பார்க்காமல் மண்ணெண்ணெய் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். கீழ்ப் பெடலைப் பின்னுக்குத் தள்ளித்தானே எல்லோரும் சைக்கிள் ஓட்டுகிறோம்? ஆகவே முன்னால்தான் போகும். போகவில்லை என்றால் கோளாறு சைக்கிளில் இல்லை.

அவசரக்காரன்: சாதாரண 28 அங்குல சைக்கிள் ஐயா. கீழ்ப் பெடலில் கயிறு. சிமெண்ட் தரை. டயர் சறுக்கவில்லை.

நட்டு_போல்ட்டு: கயிற்றின் மறுமுனை யார் கையில்?

அவசரக்காரன்: என் கையில்தான். சைக்கிளுக்குப் பின்னால் திண்ணையில் உட்கார்ந்து இழுக்கிறேன். மகள் சாயாமல் சீட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறாள்.

சுழல்காலம்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஃப்ரீவீலைக் கழற்றாதீர்கள், அது நன்றாகவே இருக்கிறது.

ஓட்டுபவர் பெடலைப் பின்னுக்குத் தள்ளும்போது அவர் உடம்பு அதே அளவுக்குச் சீட்டையும் ஹேண்டில்பாரையும் முன்னுக்குத் தள்ளுகிறது. அந்த இரண்டும் கழிந்துபோகும். பின்சக்கரம் தரையை உதைப்பதால் வரும் முன்விசை மட்டும் மிஞ்சும். நீங்களோ திண்ணையில் இருக்கிறீர்கள். உங்கள் இழுப்பு வெளியிலிருந்து வருகிறது, அதைக் கழிக்க யாரும் இல்லை.

எவ்வளவு என்று பார்ப்போம். செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னே 44 பல், பின்னே 18 பல் என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சைக்கிள் ஏறக்குறைய 5.4 மீட்டர் போகும். பெடலைத் தாங்கும் கம்பியான கிராங்க் 17 செ.மீ. என்றால் பெடல் சுற்றும் வட்டம் 1.07 மீட்டர்தான். ஐந்தில் ஒரு பங்கு. நீங்கள் 10 கிலோ இழுப்பு கொடுத்தால் பின்சக்கரம் முன்னுக்குத் தருவது 2 கிலோ. மீதி 8 கிலோ சைக்கிளை உங்களிடமே கொண்டுவரும்.

நம்பிக்கை வராவிட்டால், ஒரு குச்சியின் நுனியில் சாக்பீஸைக் கட்டி, குச்சியைப் பெடலில் சுவர்ப் பக்கமாக நீட்டிக் கட்டுங்கள். குச்சி இல்லாவிட்டால் ஹேண்டில்பார் சுவரில் இடிக்கும். பிறகு சைக்கிளைப் பின்னோக்கி உருட்டுங்கள். முன்னோக்கி உருட்டினால் பெடல் சுற்றாது. சுவரில் நீண்ட அலைபோல ஒரு கோடு விழும், ஆனால் ஓரிடத்திலும் அது திரும்பி மடங்காது. அதாவது, சைக்கிள் போகும் திசையில்தான் பெடலும் தரையைப் பொறுத்துப் போகிறது. பெடல் உங்கள் பக்கம் வர வேண்டுமென்றால் சைக்கிளும் வந்தாக வேண்டும்.

ஓய்வு_ஆசிரியர்: வெளிவிசை என்று கேள்வியில் எழுதியிருந்தால் நானும் இதையே சொல்லியிருப்பேன். பொது விதி என்னவென்றால், முன்னே போகும் வண்டியின் எந்தப் பாகமும் தரையைப் பொறுத்துப் பின்னே போகாது.

இருப்புப்பாதை: ரயிலில் போகும் ஐயா! சக்கரத்தின் உள்பக்க விளிம்பு தண்டவாளத்தின் மேல்மட்டத்துக்குக் கீழே சுமார் 3 செ.மீ. இறங்கி நிற்கிறது. அதன் அடிமுனை எப்போதும் பின்னோக்கித்தான் போகிறது.

ஓய்வு_ஆசிரியர்: தண்டவாளத்தைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் ஓய்வில் இருக்கிறது. பாடநூலைப் பாருங்கள்.

இருப்புப்பாதை: தொடும் புள்ளி ஓய்வில்தான். நான் சொல்வது அதற்கும் கீழே இருப்பதை. சக்கரத்தின் ஆரம் சுமார் 45 செ.மீ., ரயிலின் வேகம் மணிக்கு 80 கி.மீ. என்றால், விளிம்பின் அடிமுனை 5 கி.மீ. வேகத்தில் பின்னே போகும். கிட்டத்தட்ட ஆள் நடக்கும் வேகம்.

தென்காற்று: அப்படியானால் சக்கரத்தின் உச்சி?

இருப்புப்பாதை: 160. ஓடும் சைக்கிளைப் பக்கவாட்டில் படம் எடுத்துப் பாருங்கள். கீழே உள்ள கம்பிகளை எண்ணிவிடலாம், மேலே உள்ளவை கலங்கிப்போயிருக்கும்.

ஓய்வு_ஆசிரியர்: சைக்கிள் கேள்வியில் ரயிலை ஓட்டுவது முறையல்ல. தனி இழை தொடங்குங்கள்.

அவசரக்காரன்: கோடு மடங்கவில்லை. மகள் படம் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துவிட்டார். நன்றி.

நட்டு_போல்ட்டு: அப்படியானால் கியரை மிகவும் குறைத்துவிட்டால் சைக்கிள் முன்னே போகுமா?

சுழல்காலம்: பெடலின் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் 1.07 மீட்டருக்கும் குறைவாக நகர்ந்தால் போகும். மலைப்பாதை சைக்கிளில் முன்னே 22, பின்னே 34 பல் வைத்து, 26 அங்குலச் சக்கரம் போட்டாலும் 1.3 மீட்டருக்கு மேல் வருகிறது. கடையில் அப்படிப்பட்ட சைக்கிள் கிடைப்பது கடினம். பின்னே இன்னும் பெரிய பல்சக்கரம் வேண்டும்.

செயின்_கவர்: பழைய பல்சக்கரங்கள் என்னிடம் ஒரு கூடை இருக்கின்றன. எத்தனை பல் வேண்டும்?