பலெர்மோவில் ஒரு பகல், கையில் 30 யூரோ

உப்புவெளிப் பெடியன்:
இத்தாலியின் சிசிலித் தீவில், மெசினாவில் மாஸ்டர்ஸ் முதலாம் வருடம். லீவுக்குத் திருகோணமலை வந்திருக்கிறேன், அடுத்த கிழமை திரும்புகிறேன். போன கையோடு ஒரு சனிக்கிழமை அதே தீவிலுள்ள பலெர்மோவைப் பார்த்துவிட்டு இரவே மெசினா திரும்ப நினைக்கிறேன். ரயில் காசு தனி. ஊருக்குள் செலவழிக்க 30 யூரோதான், புலமைப்பரிசு இன்னும் விழவில்லை. அதோடு அம்மா அங்கே மலையில் இருக்கும் ரொசாலியா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வரச் சொல்கிறா. எல்லாம் ஒரே நாளில் முடியுமா?

மட்கோ மாமா:
தம்பி, முடியாது. மலையை விடு.

நான் பலெர்மோவில் பதினொரு வருடம் ஒரு வயதான அம்மாவைப் பராமரித்துக்கொண்டு இருந்தவன். இப்போது இங்கே திருகோணமலையில், மட்கோ என்ற இடத்தில் சின்னக் கடை. அதனால் சுற்றுலாக்காரன் மாதிரிச் சொல்லத் தெரியாது, நடந்த வழியைச் சொல்கிறேன்.

ரீஜனேல் ரயிலில் போ. கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம். முன்கூட்டி எடுத்தாலும் அன்றே எடுத்தாலும் ஒரே விலை. போகும்போது வலப்பக்கம் இரு, கடல் கூடவே வரும். காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் மேடையிலுள்ள பெட்டியில் குத்த வேண்டும். நான் அது தெரியாமல் முதல் மாதமே அபராதம் கட்டியவன். அன்றைய சம்பளம் அப்படியே போனது.

ஸ்டேஷனிலிருந்து பல்லாரோ சந்தைக்குப் பத்து நிமிட நடை. தக்காளி விற்கிறவன் கத்துவதைக் கேட்டால் நம்ம மீன் சந்தை ஞாபகம் வரும். நம்ம ஆட்களையும் காண்பாய். சாப்பாடு அங்கேயே. கடலைமாவைத் துண்டு போட்டுப் பொரித்து, பாணுக்குள் வைத்து, தேசிக்காய் பிழிந்து தருவார்கள். பெயர் பனெல்லே. பாண் என்று சொன்னாலே விளங்கும், அவர்களுக்கு அது பானே. அப்புறம் சோற்று உருண்டை. மெசினாவில் ‘அரஞ்சீனோ’ என்று சொல்லிப் பழகியிருப்பாய், இங்கே ‘அரஞ்சீனா’. மாற்றிச் சொன்னால் கடைக்காரன் முகம் கோணும்.

காசு கட்டுவது ஒரே ஓர் இடத்துக்குத்தான்: நோர்மன் அரண்மனைக்குள் இருக்கும் பலத்தீனா சிற்றாலயம். உன் காசில் பாதிக்கு மேல் அதுவே தின்னும், மாணவர் அட்டையைக் காட்டிக் கேட்டுப் பார். இரண்டாம் ரொஜர் என்ற நோர்மன் அரசன் கட்டியது, 1140இல் அபிஷேகம் செய்தார்கள். சுவரெல்லாம் கிரேக்கர் பாணிப் பொன் மொசைக், சின்னச் சின்னத் துண்டுகள் பதித்துச் செய்த படங்கள். ஆனால் நீ பார்க்க வேண்டியது மேலே. மரக்கூரை, தேன்கூடு மாதிரி அடுக்கடுக்காகத் தொங்கும், அரபுக் கைவேலை. அதில் யாழ் மாதிரி ஒன்றை மீட்டுகிறவர்கள், கிண்ணம் பிடித்தவர்கள், சதுரங்கம் ஆடுகிற இரண்டு பேர். கோயில் கூரையில் சதுரங்கம்! கழுத்து நோகும், அதனால் ஃபோனின் செல்ஃபி கமெராவைத் திறந்து உள்ளங்கையில் வைத்துக் குனிந்து பார். அங்கே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எனக்குக் காட்டிக்கொடுத்த வித்தை.

டொக்யார்ட் ரோட் அக்கா:
மாமா, 30 யூரோ உள்ள பிள்ளைக்கு அது கூடுதல் இல்லையா? மர்த்தொரானா தேவாலயத்துக்குச் சில யூரோதான். அதே ரொஜருக்கு கிறிஸ்துவே முடி சூட்டும் மொசைக் அங்கே இருக்கிறது, நெருங்கி நின்று பார்க்கலாம். நான் அதற்கு மட்டும் போனேன், குறையாகத் தெரியவில்லை.

மட்கோ மாமா:
மர்த்தொரானா நல்லதுதான் பிள்ளை. அந்தக் கூரை அங்கே இல்லையே.

உப்புவெளிப் பெடியன்:
சரி, கூரைக்கே போகிறேன். அம்மாவுக்கு என்ன சொல்ல?

மட்கோ மாமா:
அம்மாவிடம் சொல், ரொசாலியாவின் எலும்புகள் மலையில் இல்லை. நகரத்துக்குள் கதீட்ரல் என்ற பேராலயத்தில், ஒரு பக்கத்துச் சிற்றாலயத்தில் வெள்ளிப் பேழைக்குள் இருக்கின்றன. கும்பிடப் போகக் காசு கட்டத் தேவையில்லை, அரண்மனையிலிருந்து ஐந்து பத்து நிமிடம். மெழுகுதிரியை அங்கே கொளுத்து. வெளியே வந்து திரும்பி நின்று தெற்கு வாசல் தூண்களில் இடப்பக்கத்தைப் பார், ஒன்றில் குர்ஆன் வசனம் வெட்டியிருக்கும்.

1624இல் அங்கே கொள்ளைநோய். அந்த வருடம்தான் மலைக்குகையில் அந்த எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். ஊர்வலமாகக் கொண்டுபோன பிறகு நோய் அடங்கியது என்பது அவர்கள் நம்பிக்கை. அதே 1624இல் இங்கே போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த கல்லில் கோட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டையும் நான் அடிக்கடி சேர்த்து யோசிப்பேன், ஏன் என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நம்ம சனம், சைவக்காரரும்தான், அந்த மலைக்கு நடந்தே ஏறும். குகைக்குள் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். அதைத் தகரப் பீலிகள் ஏந்தி ஓரமாகக் கொண்டுபோகும். அதற்கு நீ ஒரு முழுநாள் வை.

உப்புவெளிப் பெடியன்:
அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பேழை சரியாம். இப்போது அந்தத் தண்ணீரில் ஒரு போத்தல் வேண்டுமாம்.

மட்கோ மாமா:
யாரும் அள்ளிப்போனதை நான் கண்டதில்லை. இரவு கடைசி ரயிலை நம்பாதே, அதற்கு முந்தியதைப் பிடி.