பூட்டிய ஊர் வீடு: கேமரா பதிவுக்கு ஒரு திருத்தம்

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர் வீட்டுக்குக் கேமரா வைப்பது பற்றிய முந்தைய பதிவில், ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் (கரண்ட் போனால் கைகொடுக்கும் சின்ன பேட்டரிப் பெட்டி) போதும் என்றிருந்தேன். போதாது. கரண்ட் போனால் ரவுட்டர் ஓடும், கேமரா அணைந்துவிடும்; இரண்டுக்குமே பேக்கப் வேண்டும். அடாப்டரில் அச்சிட்ட வோல்ட், ஆம்பியர் பார்த்தே வாங்குங்கள். 5 வோல்ட் கேமராவை 12 வோல்ட் முனையில் செருகினால் புகைதான்.

பலரும் கோட்டைவிடுவது கரண்ட் பில். தமிழ்நாட்டில் 2 மாதத்துக்கு ஒருமுறை. கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள், பேக்கப் சில மணி நேரம்தான் தாங்கும். நெட் ரீசார்ஜையும் மறக்காதீர்கள்.

கேமராவோடு கதவையும் கவனியுங்கள். பின்கதவில் பூட்டு மாட்டும் கொண்டியை மர ஸ்க்ரூவில் நிறுத்தாதீர்கள், கடப்பாரையால் நெம்பினால் கையோடு வந்துவிடும். கதவைத் துளைத்து, போல்ட் போட்டு, உள்பக்கம் நட்டு முடுக்குங்கள். தெருவாசலில் மட்டும் தொங்குபூட்டு வேண்டாம். ஆள் இல்லை என்று அதுவே போர்டு மாட்டிவிடும்.