க்யூஇமுவில் ஓடும் கர்னல், போர்டில் பேஜிங் ஆன் செய்ததும் நிற்கிறது

நூல்கண்டு:
32 பிட் எக்ஸ்86-க்கான சின்ன கர்னல் ஒன்றை 64 பிட் ரிஸ்க்-விக்கு மாற்றுகிறேன். பேஜிங் (மெய்நிகர் முகவரியை உண்மை முகவரியாக மாற்றுவது) எஸ்வி39 முறை, மூன்றடுக்கு பேஜ் டேபிள், 4 கேபி பக்கம். க்யூஇமு எமுலேட்டரின் விர்ட் மெஷினில் ஷெல் வரை வருகிறது. விஷன்ஃபைவ் 2 போர்டில் எஸ்ஏடிபி-யில் (பேஜிங்கை ஆன் செய்யும் ரெஜிஸ்டர்) எழுதியதுமே யூஆர்ட்டில் (சீரியல் வெளியீடு) எதுவும் வருவதில்லை. ஜேடேக் டீபக்கர் போட்டுப் பார்த்தால் எஸ்காஸ் (ஃபால்ட்டின் காரணம்) 12, அதாவது இன்ஸ்ட்ரக்‌ஷன் பேஜ் ஃபால்ட். எஸ்டிவால் (ஃபால்ட் ஆன முகவரி), எஸ்டிவெக் (ஃபால்ட்டைக் கையாளும் டிராப் ஹேண்ட்லரின் முகவரி) இரண்டிலும் ஒரே முகவரி. பேஜ் டேபிள் பதிவில் டெக்ஸ்டுக்கு (கர்னலின் கோடு) வி (செல்லுபடி), ஆர் (படிக்க), எக்ஸ் (இயக்க). டேட்டாவுக்கு வி, ஆர், டபிள்யூ (எழுத) பிட் போடுகிறேன். லோட் முகவரி ஹெக்ஸ் 40200000 என்று மாற்றியாச்சு. வேறென்ன பார்க்கணும்?

பக்கவாட்டு:
அதே பதிவின் ஏ (பக்கம் தொடப்பட்டது), டி (பக்கத்தில் எழுதப்பட்டது) பிட்டுகள்தான் காரணம். எஸ்டிவாலும் எஸ்டிவெக்கும் ஒன்றாக இருந்தால், டிராப் ஹேண்ட்லரின் முதல் இன்ஸ்ட்ரக்‌ஷனை எடுக்கப்போனபோதே மறுபடி ஃபால்ட் என்று அர்த்தம். முடிவில்லாமல் அங்கேயே சுற்றும், அதனால் எந்தச் செய்தியும் வராது.

எக்ஸ்86-இல் ஏ, டி இரண்டையும் ஹார்டுவேரே 1 ஆக ஏற்றிவிடும். ரிஸ்க்-வி அதைக் கட்டாயமாக்கவில்லை. ஏ 0 என்றாலோ, எழுதும்போது டி 0 என்றாலோ பேஜ் ஃபால்ட் எழுப்பலாம். அந்த போர்டிலுள்ள யூ74 கோர் அந்த ரகம். உங்கள் க்யூஇமு தானே ஏற்றிக்கொள்வதால் பிழை மறைந்திருக்கிறது. இப்போதைய பதிப்புகளில் சிபியு விருப்பமாக எஸ்விஏடிஇ (ஃபால்ட் எழுப்புவது) ஆன், எஸ்விஏடியூ (தானே ஏற்றுவது) ஆஃப் கொடுத்தால் அங்கேயே இது தெரிந்துவிடும். போர்டைத் தொடுமுன் எப்போதும் இப்படி ஓட்டிப் பார்ப்பது நல்லது.

கர்னல் டெக்ஸ்ட் பிடிஇ-யின் (பேஜ் டேபிள் பதிவு) கீழ் பிட்டுகள் 75 (வி, ஆர், எக்ஸ், ஏ), டேட்டா 199 (வி, ஆர், டபிள்யூ, ஏ, டி). யூசர் பக்கம் என்றால் 16 கூட்டுங்கள். நடு அடுக்கு பிடிஇ-யில் வி மட்டும். எக்ஸ்86 பழக்கத்தில் 7 போட்டால் ஆர், டபிள்யூ-வும் ஏறி, அது 1 ஜிபி அல்லது 2 எம்பி பெரும்பக்கமாகிவிடும்.

பக்க மாற்றத்துக்கு ஏ பிட்டை அழிப்பீர்களானால் 12 (இன்ஸ்ட்ரக்‌ஷன்), 13 (படிப்பு), 15 (எழுத்து) ஃபால்ட்டில் நீங்களே ஏ-யை (15-இல் டி-யையும்) ஏற்றி, அந்த முகவரிக்கு எஸ்ஃபென்ஸ்.விஎம்ஏ (பழைய முகவரி மாற்றப் பதிவுகளை அழிக்கும் இன்ஸ்ட்ரக்‌ஷன்) கொடுத்து, எஸ்இபிசி-யை (திரும்பிச் செல்லும் முகவரி) நகர்த்தாமல் திரும்புங்கள்.

மேகலை_ஓஎஸ்:
எஸ்ஃபென்ஸையும் ஒருமுறை சரிபாருங்கள். எக்ஸ்86-இல் பேஜ் டேபிள் முகவரி இருக்கும் சிஆர்3-இல் எழுதினாலே குளோபல் அல்லாத டிஎல்பி (முகவரி மாற்றக் கேச்) பதிவுகள் போய்விடும். எஸ்ஏடிபி-யில் எழுதுவது எதையும் அழிக்காது. செல்லாத பிடிஇ-யைச் செல்லுபடியாக்கினாலும் எஸ்ஃபென்ஸ் வேண்டும். எக்ஸ்86-இல் இதற்கு ஒன்றும் தேவைப்படாததால் பழைய மேப் ஃபங்ஷனில் அது இருக்காது. அடுத்து இடிக்கப்போவது எஸ்எஸ்டேடஸ் ரெஜிஸ்டரின் எஸ்யூஎம் பிட், 18-ஆவது. அது 0 என்றால் கர்னலால் யூசர் பக்கத்தைப் படிக்கக்கூட முடியாது. காப்பி செய்யும்போது மட்டும் ஏற்றி, உடனே இறக்குங்கள்.

நூல்கண்டு:
75, 199 போட்டதும் ஷெல் வந்துவிட்டது, மிக்க நன்றி. இப்போது நான்கு கோர் ஆன் செய்தால், அன்மேப் செய்த பக்கத்தை இன்னொரு கோர் தொடர்ந்து படிக்கிறது.

பக்கவாட்டு:
எஸ்ஃபென்ஸ் தன் ஹார்ட்டுக்கு (ரிஸ்க்-வியில் கோர்) மட்டும்தான். மற்ற ஹார்ட்டுகளுக்கு எஸ்பிஐ (ஃபர்ம்வேர் அழைப்பு) தரும் ஆர்ஃபென்ஸ், ஃபங்ஷன் 1. ஏ7 ரெஜிஸ்டரில் ஆர்ஃபென்ஸின் எண் ஹெக்ஸ் 52464இ43, ஏ6-இல் 1. ஏ0 மாஸ்க் (ஒரு ஹார்ட்டுக்கு ஒரு பிட்), ஏ1 மாஸ்க் பேஸ், ஏ2 தொடக்கம், ஏ3 அளவு. போர்டிலுள்ள ஜேஹெச்7110 சிப்பில் ஹார்ட் 0 எஸ்7 கோர், அதில் பேஜிங் செய்யும் எம்எம்யூ இல்லை. யூ74-கள் 1 முதல் 4 வரை. ஆகவே பேஸ் 0, மாஸ்க் 30 (2+4+8+16). அழைப்பு திரும்பிய பிறகே அந்த ஃபிரேமை ஃப்ரீ லிஸ்டில் சேருங்கள்.