இலவச முகாமில் ஆண்கள் நழுவிப் போகும் மேசை: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சங்ககிரி, முகாம் தன்னார்வலர்:

எங்கள் பக்கம் லாரித் தொழில்தான் பிழைப்பு. மருத்துவ முகாம் என்று போர்டு வைத்தால் டிரைவர், கிளீனர், பட்டறைக்காரர் என்று கூட்டம் வரும். ஆனால் பிரஷர் பார்த்தாயிற்று, சுகர் பார்த்தாயிற்று, கண்ணாடி இலவசமா என்று கேட்டாயிற்று, அவ்வளவுதான், கிளம்பிவிடுவார்கள். போன வருஷம் தனியாக ஒரு மேசை போட்டு, மேலே ‘ஆண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனை’ என்று பேனர் கட்டியிருந்தோம். பக்கத்துக் கண் மேசையில் வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது, இங்கே ஈ காக்கை இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் டாக்டரம்மாவே எழுந்து வந்து பேனரை அவிழ்க்கச் சொன்னார். ஒரு சார்ட் அட்டையில் ‘அடிக்கடி சிறுநீர், எரிச்சல், ஆறாத வாய்ப்புண்: இங்கே கேட்கலாம்’ என்று எழுதி ஒட்டினோம். மேசையையும் மாத்திரை கொடுக்கிற இடத்துக்கு முன்னால் நகர்த்திவிட்டோம், மாத்திரை வேண்டுமென்றால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்புறம்தான் ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

அன்றைக்குப் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். நாற்பது வயது இருக்கும், லைன் வண்டி டிரைவர். பல் டாக்டர், “மூணு விரலை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வாய்க்குள்ள விடுங்கண்ணே” என்றார். இரண்டு விரலுக்கே பல் இடித்தது. டார்ச் அடித்துக் காட்டினார்கள், கன்னத்தின் உள்பக்கம் வெளிறிப்போய், தொட்டால் நார் நாராகக் கெட்டியாக இருந்தது. “காரம் சாப்பிட முடியுதா?” என்று கேட்டதற்கு, “அது ரெண்டு வருஷமாவே இல்லைங்க, எந்த ஓட்டல்ல நிறுத்தினாலும் தயிர் சாதம்தான்” என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். ராத்திரி தூக்கம் வராமல் இருக்கப் பாக்குப் பாக்கெட் போட்ட பழக்கம். இது இன்னும் புற்றுநோய் இல்லை, ஆனால் புற்றுநோயாக மாறக்கூடிய நிலை என்று டாக்டர் சொன்னதும் சிரிப்பு நின்றது. நம் நாட்டு ஆண்களிடம் அதிகம் வருகிற புற்றுநோயே வாயில் வருவதுதான். குட்காவுக்குத் தடை இருக்கிறது, பெட்டிக்கடையில் கேட்கிற விதத்தில் கேட்டால் கிடைக்கவும் செய்கிறது.

தஞ்சாவூர்ப் பக்கம், மகன்:

என் அப்பாவுக்கு ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து போகிற பழக்கம். வீட்டில் யாரும் அதை நோயாகவே எடுத்துக்கொள்ளவில்லை, அவரே “வயசானா அப்படித்தான்டா” என்று முடித்துவிடுவார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமுக்கு முட்டி வலிக்காகப் போனவரை அங்கிருந்த ஒரு டாக்டர் உட்காரவைத்துப் பேசி, பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பியில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனை அது. அளவு அதிகமாக வந்தது. தாளைப் பார்த்த நிமிஷத்திலிருந்து வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது, அத்தை வந்து அழவே ஆரம்பித்துவிட்டார். ஆனால் அது கூடினால் உடனே கேன்சர் என்று அர்த்தமில்லையாம். வயதோடு புராஸ்டேட் வீங்கினாலும் கூடும், சிறுநீரில் தொற்று இருந்தாலும் கூடும். முதலில் தொற்றுக்கு மாத்திரை கொடுத்து, சில வாரம் கழித்துத் திரும்ப எடுத்தார்கள். அப்போதும் இறங்கவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன், சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கிற பயாப்ஸி எல்லாம் முடிந்து கேன்சர்தான் என்று உறுதியானது, ஆனால் எலும்புக்குப் பரவவில்லை. கதிர்வீச்சும் ஹார்மோன் ஊசியும் போய்க்கொண்டிருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் பணத்துக்கு அலையவில்லை. அட்டை எடுக்காதவர்கள் வியாதி வருவதற்கு முன்னால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வந்த பிறகு வருமானச் சான்றிதழுக்கு வி.ஏ.ஓ.வைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அப்பா இதை இன்று வரை சித்தப்பாவிடம் சொல்லவில்லை. கூடப் பிறந்தவருக்கு இருந்தால் தனக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பதால் சித்தப்பாவுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். நான்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “இதை உங்க சித்திகிட்ட சொல்லலியே?”

கிராம சுகாதாரச் செவிலியர்:

மேலே எழுதியிருப்பதைப் படித்ததும் சொல்லத் தோன்றுகிறது. அரசுத் திட்டத்தில் 30 வயதைத் தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் என்று மூன்று புற்றுநோய்க்குப் பரிசோதனை. அதில் ஆண்களுக்கென்று பார்த்தால் வாய் மட்டும்தான். புராஸ்டேட் அந்தப் பட்டியலில் கிடையாது, ஆளே வந்து சொன்னால்தான் உண்டு. 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்த பிறகு வீட்டு வாசலுக்கே போய் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், போகிற தன்னார்வலர்கள் பெண்கள். எந்த ஆம்பளை அவர்களிடம் “எனக்கு மூத்திரம் சரியா போகல” என்று சொல்வார்? கையை நீட்டுவார், மாத்திரையை வாங்கிக்கொள்வார். நான் செய்வது ஒன்றுதான், அம்மாக்களிடம் கேட்டுவிடுவேன். “ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்காரு?” என்றால் அவர்கள் புட்டுப் புட்டு வைப்பார்கள்.

இன்னொரு குறை, முகாமோடு கதை முடிந்துவிடுகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுப்போம், அது சட்டைப் பையிலேயே துவைபட்டுப் போகும். வாயில் வெள்ளைத் திட்டு இருப்பவர் ஒருவருக்கு வாரா வாரம் போன் போட்டேன், அறுப்பு முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் அவர் மகள்தான் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். வெள்ளைத் திட்டைவிடச் சிவப்புத் திட்டு இன்னும் ஆபத்து, வலி இல்லையே என்று விடாதீர்கள்.

கோவை, ஐ.டி. வேலை:

எல்லாரும் பெரியவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள், விரைப் புற்றுநோய் என்று ஒன்று இருக்கிறது, அது இளவட்டங்களுக்குத்தான் அதிகம் வரும். ஆபீஸில் நடந்த முகாமில் ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்கள், குளிக்கும்போது தடவிப் பாருங்கள், வலியில்லாத கட்டி இருந்தால் காட்டுங்கள் என்று. டீம் முழுக்க அதை வைத்து ஒரு வாரம் கிண்டல். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் எனக்கே ஒரு சின்ன உருண்டை தட்டுப்பட்டது, அன்றைக்கு ராத்திரி தூங்கினேனா என்று கேட்காதீர்கள். ஸ்கேன் எடுத்தார்கள், வெறும் நீர்க்கட்டி. டாக்டர், கேன்சராகவே இருந்தாலும் சீக்கிரம் வந்தால் பெரும்பாலும் குணமாகிவிடும், அதற்கு எதற்கு இவ்வளவு வெட்கம் என்று திட்டித்தான் அனுப்பினார்.

லேப் டெக்னீஷியன், மதுரை:

ஒரு விஷயம் மட்டும். ரத்தம்தானே என்று முகாமுக்கு வருகிற எல்லாருக்கும் பி.எஸ்.ஏ. எடுத்துவிடுவது சரியில்லை. மெதுவாக வளர்ந்து ஒன்றும் செய்யாமலே போகிற புராஸ்டேட் கேன்சரும் உண்டு, அதைத் தோண்டி எடுத்து வைத்தியம் பார்த்து அவதிப்பட்டவர்களும் உண்டு. ஐம்பதைத் தாண்டியவர்கள், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்தால் நாற்பத்தைந்திலேயே, டாக்டரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். சிறுநீரில் ரத்தம் போனால் வயதெல்லாம் பார்க்காமல் உடனே போங்கள்.

சங்ககிரி, முகாம் தன்னார்வலர்:

அண்ணா, அடுத்த முகாமுக்கு நோட்டீஸ் அடிக்கிறோம். பி.எஸ்.ஏ.வுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லணுமா?

லேப் டெக்னீஷியன், மதுரை:

தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே வரலாம். வெறும் வயிற்று சுகரும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால்தான் பட்டினி. ஆனால் முந்தின இரண்டு நாள் தாம்பத்தியம் வேண்டாம், நீண்ட தூரம் சைக்கிள் மிதிக்கவும் வேண்டாம், அளவு கூட்டிக் காட்டும். நோட்டீஸில் எப்படி எழுதுவீர்கள் என்பது உங்கள் சாமர்த்தியம்.