செல்களைச் சாகடிக்கும் கிருமி எப்படிப் புற்றுநோய்க்குக் காரணமாகிறது?

வினாவன்:
வணக்கம். ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா இரைப்பையின் உட்சுவர்ச் செல்களைச் சாகடிக்கிறது என்று படித்தேன். அதே கிருமியைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994ஆம் ஆண்டிலேயே புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில், அதாவது மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில், சேர்த்திருக்கிறது. சாக வேண்டிய செல்கள் சாகாமல் பெருகுவதுதானே புற்றுநோய்? கொல்லும் கிருமி அதற்கு எப்படி வழிவகுக்கிறது?

நுண்ணோக்கி:
நல்ல கேள்வி. இங்கே சாவே பெருக்கத்தைத் தூண்டுகிறது. இக்கிருமியின் யூரியேஸ் நொதி யூரியாவை அம்மோனியாவாகச் சிதைத்துச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணிப்பதால், அது சளிப்படலத்துக்குள் பல பத்தாண்டுகள் தங்கிவிட முடிகிறது. அங்கிருந்து அது வெளியிடும் வாக்-ஏ என்னும் நச்சுப்புரதம் செல்லுக்குள் நுழைந்து, செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வைக் குலைத்து, உள்ளே அடைபட்டிருக்கும் சைட்டோகுரோம்-சி என்ற புரதம் கசியும்படி செய்கிறது. அக்கசிவு செல்லை உள்ளிருந்தே சிதைக்கும் காஸ்பேஸ் நொதிகளை முடுக்கிவிட, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. இறந்தவற்றின் இடத்தை நிரப்ப, புதிய செல்களை உருவாக்கும் தண்டுச் செல்கள் ஓயாமல் பிரிகின்றன. தொற்று உண்டாக்கும் அழற்சியால் டிஎன்ஏ சிதைந்துகொண்டே இருக்கும் சூழலில், ஒவ்வொரு பிரிதலிலும் ஒரு பிழை நிலைத்துவிடக்கூடும்.

இக்கிருமியின் சில வகைகள் ஊசிபோன்ற அமைப்பின் வழியே காக்-ஏ என்ற புரதத்தையும் செல்லுக்குள் செலுத்துகின்றன. அது வளர்ச்சிச் சமிக்ஞைகளை முடுக்குவதுடன், வாக்-ஏ தூண்டும் சாவை ஓரளவு தடுக்கவும் செய்கிறது. சேதமுற்ற செல் சாகாமல் தப்புவது இப்படித்தான். உங்கள் கேள்விக்கான விடையின் மையம் இதுவே என்பது என் கருத்து.

செவ்வந்தி:
மேலே சொன்னதில் ஒன்று விடுபட்டுள்ளது. செல் சாவில் நம் நோயெதிர்ப்பு அமைப்புக்கும் பெரும்பங்கு உண்டு. டி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா போன்ற சமிக்ஞைப் புரதங்களும் உட்சுவர்ச் செல்களைச் சாவுக்குத் தள்ளுகின்றன.

அழற்சி எந்தப் பகுதியில் மிகுகிறது என்பதும் முக்கியம். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மட்டும் மிகுந்தால், அமிலச் சுரப்பைத் தூண்டும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் கூடி, அமிலம் பெருகி, முன்சிறுகுடலில் அல்சர் வருகிறது. மேற்பகுதிக்கும் பரவினால் அமிலம் சுரக்கும் செல்களே அழிந்து, உட்சுவர் மெலிந்து, அவ்விடத்தில் குடலை ஒத்த செல்கள் முளைக்கின்றன. புற்றுநோய்க்குப் போகும் பாதை இந்த இரண்டாவதுதான். முன்சிறுகுடல் அல்சர் உள்ளவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் குறைவாகவே காணப்படுவதற்கும் இதுவே காரணம்.

வினாவன்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் தொற்று உள்ளவர்கள் எல்லோரும் அஞ்ச வேண்டுமா? கிருமியை ஒழித்துவிட்டால் சேதம் சரியாகிவிடுமா?

நுண்ணோக்கி:
அஞ்ச வேண்டியதில்லை. தொற்று உள்ளவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொல்லையும் இல்லாமலே வாழ்கிறார்கள். புற்றுநோய் வருவோர் நூற்றுக்கு ஓரிருவர்தான். கிருமியை ஒழித்தால் அழற்சி தணியும், அல்சர் மீண்டும் வருவது வெகுவாகக் குறையும். தொடக்கநிலை மால்ட் லிம்போமா என்ற இரைப்பைக் கட்டிகூடப் பலருக்கு ஆன்டிபயாட்டிக்கிலேயே கரைந்துவிடுகிறது. ஆனால் குடலை ஒத்த செல்கள் முளைத்துவிட்ட பின் பழைய நிலை முழுமையாகத் திரும்புவது அரிது. எனவே அத்தகையவர்களில் ஆபத்து மிகுந்தவர்களை எண்டோஸ்கோபியில் கண்காணிக்கிறார்கள்.

செவ்வந்தி:
சிகிச்சை முடிந்ததும் இரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்து ஏமாற வேண்டாம். கிருமி போன பிறகும் அது நெடுநாள் பாசிட்டிவ் காட்டும். ஆன்டிபயாட்டிக் முடிந்து 4 வாரமாவது கழித்து, அமிலம் குறைக்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளை மருத்துவரைக் கேட்டு 2 வாரம் நிறுத்தியபின், யூரியா மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்துகொள்வதே சரி.