புதுப்பிப்பு: டிஎம்இசட் வெப் சர்வர் வெளியிலிருந்து திறக்காத சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சிக்கல் இதுதான்: பிஎஃப்சென்ஸ் ஃபயர்வாலில் 443 போர்ட்டை (ஹெச்டிடிபிஎஸ்), டிஎம்இசட்டில் (வெளியிலிருந்து அணுகும் சர்வர்களுக்கென உள் நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்த பகுதி) உள்ள வெப் சர்வரின் 192.168.50.10 முகவரிக்குத் திருப்பியும் (போர்ட் ஃபார்வர்ட்) வெளியிலிருந்து தளம் திறக்கவில்லை.

"வான் (இணையப் பக்க) இன்டர்ஃபேஸ் விதியில் இலக்கு முகவரியைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் சரியான யோசனை. அங்கே பொது ஐபியைக் கொடுத்திருந்தேன். பிஎஃப்சென்ஸில் போர்ட் ஃபார்வர்டின் முகவரி மாற்றம் முதலில் நடக்கும், விதிகள் அதன் பிறகுதான் பார்க்கப்படும். ஆகவே இலக்கு 192.168.50.10 என்றே இருக்க வேண்டும். மாற்றியதும் திறந்துவிட்டது.

லேனில் (உள் நெட்வொர்க்கில்) இருப்பவர்களுக்கு, பொது ஐபி வழியாகவே உள்ளிருந்து தளத்தை அடையச் செய்யும் நாட் ரிஃப்ளெக்‌ஷன் தேவைப்படவில்லை. பெயர்களுக்கு ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ் ரிசால்வரில் ஹோஸ்ட் ஓவர்ரைடு போட்டு, தளத்தின் பெயருக்கு உள் முகவரியைக் கொடுத்தேன். என் பார்வையில் இதுவே சுத்தமான வழி.

எதிர்பாராத ஒன்று: டிஎம்இசட்டிலிருந்து லேனுக்கான தடை விதியை, 'எல்லாம் அனுமதி' விதிக்கு மேலே ஏற்றிய பிறகும், சர்வரிலிருந்து லேனுக்கு ஏற்கெனவே திறந்திருந்த எஸ்எஸ்ஹெச் (தொலை உள்நுழைவு) இணைப்பு அறுபடவில்லை. புது விதி புது இணைப்புகளை மட்டுமே தடுக்கும். டயக்னாஸ்டிக்ஸ் மெனுவில் ஸ்டேட்ஸ் பகுதிக்குப் போய்ப் பழைய ஸ்டேட்டுகளை (திறந்திருக்கும் இணைப்புகளின் பதிவுகளை) அழித்துவிட்டுச் சோதியுங்கள். இல்லையென்றால் சரியான விதியையே தவறு என்று நினைத்து மாற்றிவிடுவீர்கள்.